சூட்டுத் தழும்பு பதக்கம் அல்ல!



தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ காதல் தோல்விக் கவிதை என்று நம்பி வந்தவர்கள் மன்னிக்கவும். அந்தச் சரக்குக்கு இந்த மலரில் பஞ்சமே இல்லை. முன்னால் நாலு பக்கம், பின்னால் நாலு பக்கம் புரட்டினால் தாராளமாகக் கிடைக்கும். நான் எழுத வந்திருப்பது சால்டரிங் அயர்னைப் பற்றி.

"அதுல எழுத என்னடா இருக்கு? பிளக்கைச் சொருகு, சூடானதும் லெட்டை வை, அவ்வளவுதானே!" என்று என் பெஞ்ச் நண்பனே சிரித்தான். அவன் சிரித்ததால்தான் எழுதியே தீர்வது என்று முடிவு செய்தேன்.

எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமென்டேஷன் எதுவானாலும் சரி, இந்த அயர்னைக் கையில் பிடிக்காமல் நம்மில் யாரும் டிப்ளமா வாங்கப் போவதில்லை. ஆறாவது செமஸ்டர் பிராஜெக்ட் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், விடுதி அறையே லேப் ஆகிவிடும். கட்டில்மேல் போர்டு, கவிழ்த்த பக்கெட்மேல் அயர்ன், ஜன்னல் கம்பியில் தொங்கும் எக்ஸ்டென்ஷன் ஒயர், தலைமாட்டில் பாதி குடித்த டீ. இந்தக் காட்சியைப் பார்க்காதவர் யாராவது உண்டா?

இந்த மூன்று வருடத்தில் நான் கவனித்த ஒரு விஷயம், சூடு பட்டவனுக்கு நம்மிடையே கிடைக்கும் மரியாதை. "காட்டுடா பார்ப்போம்" என்று நாலு பேர் கூடுகிறார்கள். "இப்பத்தான்டா நீ எலக்ட்ரானிக்ஸ்காரன்!" என்று சீனியர் முதுகில் தட்டுகிறார். விடுமுறையில் நான் வேலை பழகப் போன டி.வி. ரிப்பேர் கடையிலும் இதே வேதம்தான். "தம்பி, சூடு படாம தொழில் வராது" என்றார் கடை அண்ணன். அவருடைய கைத்திறமைக்கு நான் தலை வணங்குகிறேன். செத்துப்போன செட்டை அரை மணி நேரத்தில் பேச வைப்பார். ஆனால் அவர் சொன்ன அந்த வாக்கியம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. சூடு பட்டதால் அவருக்குத் தொழில் வரவில்லை. சூடு பட்டும் தொழில் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் பேசப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். "பார்த்துச் செய்யுங்கப்பா, ஜாக்கிரதை" என்று சொல்வது பாதுகாப்பு அல்ல. ஜாக்கிரதை மனசில் இருப்பது. மத்தியானம் மூன்று மணிக்கு, மெஸ் சாம்பார் சாதம் வயிற்றில் இருக்கும்போது, இருபதாவது ஜாயின்ட் வைக்கிற நேரத்தில் அந்த மனசு தூங்கிவிடும். ஸ்டாண்ட் தூங்காது, எர்த் ஒயரும் தூங்காது. பாதுகாப்பு என்பது ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு, வாங்கியதைப் பயன்படுத்த வேண்டிய கடமையும் உண்டு.

ஒரே பெயரில் இரண்டு ஈயம்

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் ஈயச் சொம்பில் ரசம் வைப்பார்கள். வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகி ஓடிவிடும் என்பது அங்குள்ள அம்மாக்களுக்குத் தெரிந்த விஞ்ஞானம். அந்தச் சொம்பு வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் என்பது வேறு உலோகம், அது 327 டிகிரியில் உருகும். 63 பங்கு வெள்ளீயத்தையும் 37 பங்கு காரீயத்தையும் கலந்தால் அந்தக் கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. தனித்தனியாக முறுக்கிக்கொண்டு நிற்கிற இரண்டு பேர் ஒரே அறையில் சேர்ந்ததும் இளகிப்போவது போல! கடையில் நாம் வாங்கும் 60/40 லெட் இந்தக் கலவைக்குப் பக்கத்து வீட்டுக்காரன்.

183 டிகிரி என்றால் எவ்வளவு சூடு? வடை சுடுகிற எண்ணெயும் ஏறக்குறைய அதே சூடுதான். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் யாராவது கையை வீசிப் பேசுவோமா? ஆனால் அயர்ன் பிட் 300 முதல் 400 டிகிரி வரை சூட்டில் இருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நேற்றுப் பார்த்த படத்தின் கிளைமாக்ஸை நடித்துக் காட்டுகிறோம்.

ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் கூப்பிடுவதால் இன்னொரு குழப்பமும் வருகிறது. "பாட்டி ஈயச் சொம்புல ரசம் வச்சுச் சாப்பிட்டு 90 வயசு இருந்தாங்க, லெட் என்ன பண்ணிடும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பாட்டி சாப்பிட்டது வெள்ளீயத்தில். நம் லெட்டில் இருப்பது காரீயமும் சேர்ந்தது, காரீயம் நஞ்சு. இந்த அளவு வரை உடம்பில் சேர்ந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அதிலும் சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது பெரிய எதிரி. 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில் நோய்களுக்கு ஒரு பட்டியல் போட்டது. அதில் முதல் வரியே காரீய நஞ்சுதான்.

புகையைவிடக் கை மோசம்

"புகையில் ஈயம் இருக்கு, மூச்சை அடக்கிக்கோ" என்று ஒரு பேச்சு நம் லேபில் வழிவழியாக வருகிறது. அது முழுக்கச் சரியில்லை. நம் பிட்டின் சூட்டில் காரீயம் ஆவியாகிப் பறந்துவிடாது. அது கொதிப்பதற்கு 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். வெள்ளையாக எழும்புவது லெட்டுக்குள் இருக்கும் ஃபிளக்ஸ் புகை. பெரும்பாலும் அது பைன் மரப் பிசின் எரியும் புகை.

அதனால் பயமில்லை என்று அர்த்தம் அல்ல. இந்தப் பிசின் புகை தொழில்வழி ஆஸ்துமாவுக்குப் பேர்போன காரணங்களில் ஒன்று. ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகப் பழகிவிட்டால், பிறகு கொஞ்சம் புகை பட்டாலே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். டிப்ளமா முடித்துவிட்டு அசெம்பிளி கம்பெனியில் எட்டு மணி நேரம் உட்காரப் போகிற ஒருவருக்கு இது வேலையையே பறிக்கக்கூடிய விஷயம். ஜாயின்ட் சரியாகத் தெரிய வேண்டும் என்று நாமோ போர்டுக்கு நேர் மேலே குனிகிறோம். சூடான புகை மேலே போகும், மேலே இருப்பது நம் மூக்கு! தலையைச் சற்றுத் தள்ளி வைத்து, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் ஃபேன் ஒன்றைப் பக்கவாட்டில் நிறுத்திப் புகையை ஜன்னல் பக்கம் இழுக்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நம் பழைய சாமான் அலமாரியில் இப்படிப்பட்ட ஃபேன் எத்தனை தூங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

காரீயம் உள்ளே போகும் வழி மூக்கு அல்ல, கையும் வாயும். லெட்டைப் பிடித்த விரலோடு வெளியே வருகிறோம். கேன்டீனில் மெதுவடையைப் பிய்க்கிறோம். கை கழுவினோமா? லேப் வாசலில் குழாய் இருந்தால் சோப்பு இல்லை, சோப்பு இருந்தால் தண்ணீர் இல்லை. இன்னும் சிலர் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது லெட் ஒயரைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொள்கிறார்கள். நண்பா, பேனாவைக் கடி, பென்சிலைக் கடி, லெட்டை மட்டும் கடிக்காதே! விடுதி அறையில் சால்டரிங் செய்துவிட்டு அதே சட்டையோடு ஊருக்குப் போய் அக்கா குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறோமே, அதையும் யோசிக்க வேண்டும்.

"அப்ப காரீயம் இல்லாத லெட் வாங்கிட்டா முடிஞ்சுதா?" என்று கேட்கலாம். ஐரோப்பிய நாடுகள் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கடுமையான வரம்பு போட்டன. நம் நாட்டிலும் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் அந்த வரம்பு இடம் பெற்றது. பெரிய கம்பெனிகளில் வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த லெட் ஓடுகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், பிட் இன்னும் சூடாக இருக்க வேண்டும், ஃபிளக்ஸ் புகை அப்படியேதான் இருக்கும். ஆக, லெட்டை மாற்றினாலும் ஃபேன் வேண்டும், ஸ்டாண்ட் வேண்டும்.

மூன்றாவது முள்

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம். சூடு பட்டால் தழும்புதான் வரும். ஷாக் அடித்தால் சில சமயம் தழும்பு பார்க்கவும் ஆள் இருக்காது.

அயர்னுக்குள்ளே நிக்ரோம் கம்பிச் சுருள் இருக்கிறது. அதற்கும் வெளி உலோகக் குழாய்க்கும் நடுவில் மைக்காவோ பீங்கானோ இருக்கிறது. வருடக்கணக்கில் சூடாகி ஆறி, நாலு தடவை கீழே விழுந்து, அந்த மைக்கா விரிசல் விட்டால் என்ன ஆகும்? 230 வோல்ட் நேராகப் பிட்டுக்கு வந்துவிடும். மூன்றாவது முள் சரியாக இணைந்திருந்தால் அந்தக் கரன்ட் எர்த்தில் இறங்கி ஃபியூஸைப் போக்கும். மூன்றாவது முள் இல்லாவிட்டால் நம் கை வழியாக இறங்கும்.

நம் ஊர் மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது என்று வைவாவில் கேட்டால் கடகடவென்று சொல்கிறோம். சொருகும்போது முதலில் அது தொட வேண்டும், கழற்றும்போது கடைசியாக அது விலக வேண்டும். பதில் சரி, முழு மார்க். ஆனால் வைவா முடிந்து லேபுக்கு வந்ததும் என்ன செய்கிறோம்? இரண்டு முள் பிளக் மாட்டிய அயர்னைக் கூசாமல் எடுக்கிறோம். பிளக்கே இல்லையென்றால் ஒயர் முனையைச் சீவி, சாக்கெட் ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியை அடைத்துக்கொள்கிறோம். படித்த தியரிக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

"எம்.சி.பி. இருக்கே, டிரிப் ஆயிடும்" என்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 25 வாட் அயர்ன் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 109 மில்லி ஆம்பியர். வியர்த்த கையோடு உடம்பின் தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று வைத்தால் உடம்பு வழியாக ஓடுவது 230 மில்லி ஆம்பியர். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இதெல்லாம் கொசுக்கடி, அது அசையவே அசையாது. எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை, நம்மை அல்ல. ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுகிற ஆர்.சி.சி.பி. ஒவ்வொரு லேப் மேசைக்கும் போகும் லைனில் அது இருக்கிறதா என்று அடுத்த வாரம் நீங்களே ஸ்விட்ச் போர்டைப் பாருங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பார்க்கச் சொல்லி லேப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

அயர்னைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். எர்த் முள்ளுக்கும் பிட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். கரன்ட் போகிற இரண்டு முள்ளுக்கு நடுவில், 25 வாட் அயர்னாக இருந்தால், சுமார் 2100 ஓம் காட்ட வேண்டும். அந்த இரண்டில் எதற்கும் பிட்டுக்கும் நடுவில் எதுவும் காட்டக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த அயர்ன் ரிப்பேருக்குப் போக வேண்டியது, உங்கள் கைக்கு வர வேண்டியது அல்ல. மல்டிமீட்டர் நம் கையிலேயே இருக்கிறது. இதைச் செய்ய எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஒயரையும் ஒரு பார்வை பாருங்கள். சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 350 டிகிரி பிட் அதன்மேல் சாய்ந்தால் நொடியில் தோல் உரிந்து செம்பு பல்லைக் காட்டும். பல அயர்ன்களின் ஒயரில் நீங்கள் பார்க்கும் கறுப்புத் தழும்புகள் எல்லாம் இப்படி வந்தவையே. இன்சுலேஷன் டேப் சுற்றிய அயர்னைப் பார்த்தால் அது "என்னை எடுக்காதே" என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். லேப் சுத்தமாக இருக்க வேண்டும் என்று செருப்பை வாசலில் விடச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் பல இடங்களில் உண்டு. கோயிலுக்கு அது சரி, கம்ப்யூட்டர் லேபுக்கும் சரியென்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உருகிய லெட் சொட்டுகிற இடத்தில், கரன்ட் கசிய வாய்ப்புள்ள இடத்தில் வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நிற்கச் சொல்வது எந்த நியாயம்? தரையைத் துடைத்துக்கொள்ளலாம். காலை அப்படித் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

நழுவினால் விட்டுவிடு!

கை தானாகச் செய்யும் சில காரியங்கள் உண்டு. விழுகிற பொருளைப் பிடிப்பது அதில் ஒன்று. கிரிக்கெட்டில் அது நல்ல பழக்கம். அயர்ன் மேசையிலிருந்து உருண்டு விழும்போது கேட்ச் பிடித்தால், பிடிபடுவது பெரும்பாலும் சூடான பக்கம்தான். எங்கள் வகுப்பில் ஒரு நண்பன் அப்படிப் பிடித்தான். உள்ளங்கையில் கொப்புளம் வந்து பத்து நாள் ரெக்கார்ட் எழுத முடியவில்லை. நாங்கள் மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தோம். விழுகிற அயர்ன் விழட்டும். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஸ்விட்சை அணை. போனால் ஒரு அயர்ன் போகட்டும்.

அவனைக் குறை சொல்வது சுலபம். ஆனால் உண்மையில் குறை எங்கே? ஸ்பிரிங் ஸ்டாண்ட் இல்லாததால் அயர்னை மேசை விளிம்பில் ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர்மேல் சாய்த்து வைத்திருந்தான். ஸ்டாண்ட் இருந்திருந்தால் அது உருண்டே இருக்காது. "கவனமா இருந்திருக்கலாமே" என்று எல்லோரும் சொன்னார்கள். "ஸ்டாண்ட் எங்கே?" என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த இரண்டாவது கேள்வியை நாம் கேட்கப் பழக வேண்டும்.

கண்ணைப் பற்றியும் இதே பேச்சுத்தான். பிட்டில் சேர்ந்த லெட்டைத் தட்டி உதறுவது நம் கூட்டுப் பழக்கம். உதறிய துளி எதிர் பெஞ்சுக்காரியின் முகம் வரை போகும். ஈர ஸ்பாஞ்சில் துடைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. அதற்கென்றே விற்கிற ஸ்பாஞ்சாக இருக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் நைலான் ஸ்பாஞ்ச் உருகிப் பிட்டில் ஒட்டிக்கொள்ளும். ரெசிஸ்டர் காலை நறுக்கும்போது துண்டு தெறிக்கும், அதை விரலால் பிடித்துக்கொண்டு நறுக்க வேண்டும். பிளாஸ்டிக் கண்ணாடி போட்டால், "என்னடா, பெரிய விஞ்ஞானியா?" என்று கிண்டல் செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகட்டும். விஞ்ஞானிகள் கண்ணாடி போடுவது கிண்டலுக்காக அல்ல.

தோழிகள் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள், பின்னலை முன்னால் தொங்கவிடாதீர்கள். நண்பர்கள் பாலியெஸ்டர் சட்டையைவிடப் பருத்தி போடுங்கள். பருத்தி கருகும். பாலியெஸ்டரோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ரிப்பேர் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்விட்சை அணைத்தால் போதாது, செட்டின் பிளக்கையே கழற்றுங்கள். கழற்றிய பிறகும் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி. உட்கார்ந்திருக்கலாம். மீட்டரால் அளந்து, அது இறங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். மொபைல் பேட்டரி மாதிரியான லித்தியம் செல்லின்மேல் நேராக அயர்னை வைக்கவே கூடாது. உள்ளே சூடு ஏறினால் அது பட்டாசு. போர்டு கழுவும் தின்னர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டும் சட்டென்று பற்றும், சூடான பிட் பக்கத்தில் அந்தப் பாட்டில் வேண்டாம்.

பட்டுவிட்டால்...

எல்லாம் இருந்தும் சில சமயம் சுடும். அப்போது நாம் செய்யும் வைத்தியம் இருக்கிறதே! ஒருவன் பேனா மையை ஊற்றுகிறான், ஒருவன் பற்பசை தடவுகிறான், மெஸ் அக்கா மாவைப் பூசுகிறார், இன்னொருவன் ஐஸ் கட்டியை வைத்து அழுத்துகிறான். எல்லோருக்கும் நல்ல மனசுதான், ஆனால் எல்லாமே தப்பு. செய்ய வேண்டியது குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது மட்டும்தான். இருபது நிமிடம் நீளமாகத் தெரியும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கண்ணில் பட்டாலோ, காயம் பெரிதாக இருந்தாலோ உடனே டாக்டர்.

ஷாக் அடித்தவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணைக்க வேண்டும். அந்த மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பது லேபில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியுமா? மெயினை அணைத்ததும் 108-க்கு போன் செய்யுங்கள். மூச்சு இல்லையென்றால் மார்பை அழுத்தத் தெரிந்தவர் உடனே ஆரம்பிக்க வேண்டும். தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கிறோம் என்பது தனிக் கேள்வி.

எதிர்க்கேள்விகள் சில

"அந்தக் காலத்துல எல்லாம் இப்படியா பண்ணாங்க?" என்பது முதல் கேள்வி. அந்தக் காலத்தில் செம்பு பிட்டைக் கரி அடுப்பில் காய்ச்சினார்கள். பிறகு 1921-ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் என்பவர் மின்சார அயர்னைத் தொழிற்சாலைச் சரக்காக்கினார். அவர் பெயரின் சுருக்கம்தான் எர்சா கம்பெனி. அப்புறம் அமெரிக்காவின் வெல்லர் கம்பெனி, குறிப்பிட்ட சூட்டில் காந்தத் தன்மையை இழக்கும் உலோகத்தைப் பிட்டிலேயே வைத்து, சூடு எல்லை மீறாமல் தானே அணைந்து எரியும் அயர்னைக் கொண்டுவந்தது. நாம் பிசிக்ஸில் படித்த கியூரி வெப்பநிலை! இன்று நல்ல ஸ்டேஷன்களில் கைப்பிடிக்கு வருவது டிரான்ஸ்ஃபார்மர் பிரித்துக் கொடுக்கும் 24 வோல்ட் மட்டுமே. கவனிக்கிற வேலையை ஆளிடமிருந்து எடுத்துக் கருவியிடம் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். இதுதான் இந்தக் கருவியின் வரலாறு. நாம் மட்டும் ஏன் பின்னால் நடக்க வேண்டும்?

"செலவு யார் பண்றது?" என்பது இரண்டாவது. ஸ்டாண்டின் விலை பெரும்பாலும் அயர்னின் விலையைவிடக் குறைவு. சோப்பும் ஸ்பாஞ்சும் ஒரு செலவா? ஆர்.சி.சி.பி. மட்டும் கொஞ்சம் பணம் கேட்கும். ஆனால் அது ஒரு அயர்னுக்கு ஒன்று அல்ல, ஒரு வரிசை மேசைக்கு ஒன்று போதும்.

"டைம் இல்ல, மூணு மணி நேரத்துல எக்ஸ்பெரிமென்ட் முடிக்கணும்" என்பது மூன்றாவது. இதில் உண்மை இருக்கிறது. ஒரு அயர்னுக்கு நாலு பேர் காத்திருக்கும்போது அவசரம் வரத்தான் செய்யும். அதனால்தான் இதைத் தனி மாணவனின் கவனக்குறைவாகப் பேசாதீர்கள் என்கிறேன். நாலு பேருக்கு ஒரு அயர்ன் கொடுத்துவிட்டு நிதானமாக இரு என்று சொல்வது, ஒரே பஸ்ஸில் நூறு பேரை ஏற்றிவிட்டு நெருக்காதே என்று சொல்வது மாதிரி.

பேரவைக்கு என் கோரிக்கை

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் லேபில் பாதிச் சாமான் ஓடுவதே பொறுப்பாளர்கள் தங்கள் சொந்த முயற்சியில் ஓட்டுவதால்தான். அவர்கள் கையைப் பலப்படுத்தும்படி நம் பேரவை எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: எல்லா அயர்னுக்கும் மூன்று முள் பிளக். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் மூன்று அளவு எடுத்து, தேதி எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும். அந்த வேலையை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நாமே செய்யலாம்.

இரண்டு: அயர்னுக்கு ஒரு ஸ்டாண்ட், ஒரு ஸ்பாஞ்ச். ஸ்டாண்ட் இல்லாத அயர்னை வெளியே கொடுக்கவே கூடாது.

மூன்று: லேப் மேசை லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

நான்கு: கண்ணாடி, புகை இழுக்கும் ஃபேன். ஃபேனைப் பழைய சாமானிலிருந்து நாமே செய்து மாட்டலாம். ஒரு மினி பிராஜெக்ட்டாகவே கொடுக்கலாம்.

ஐந்து: லேப் வாசலில் தண்ணீர் வரும் குழாய், சோப்பு. சால்டரிங் வேலை நடக்கும் நாளில் செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ள அனுமதி.

ஆறு: இன்டர்னல் மார்க்கில் ஒரு பங்கு. ஜாயின்ட் பளபளப்பாக இருந்தால் மார்க் கொடுக்கிறோம். அயர்னைத் திரும்ப எங்கே வைத்தான், முடித்ததும் அணைத்தானா, கை கழுவினானா என்பதற்கும் இரண்டு மார்க் கொடுங்கள். மார்க் என்றால் எதையும் செய்கிற கூட்டம் நாம் என்பது எல்லோருக்கும் தெரியும்!

விடுதிக்கு நமக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. கட்டில்மேல் சால்டரிங் கிடையாது. மெத்தையும் போர்வையும் கொசுவலையும் இருக்கிற இடத்தில் 350 டிகிரிக்கு வேலை இல்லை. டீ குடிக்க இறங்கும்போது, "ரெண்டு நிமிஷம்தானே" என்று விட்டுப் போகாமல், பிளக்கைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும்.

நண்பர்களே, அடுத்த வருடம் கிராமத்திலிருந்து ஒரு தம்பியோ தங்கையோ இதே பெஞ்சில் வந்து உட்காரப் போகிறார்கள். வீட்டில் முதல் பட்டயப் படிப்பு அவர்களுடையதாக இருக்கும். அப்பா கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸாக இருக்கும். அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுப்பதைத்தான் அது தொழில் என்று நம்பும். சூட்டுத் தழும்பைக் காட்டினால் தழும்புதான் தொழில் என்று நம்பும். பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துக் காட்டினால் அதுதான் தொழில் என்று கற்றுக்கொள்ளும். நல்ல ஜாயின்ட் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். அதை வைத்த கையும் கண்ணும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.

கேட்டு வாங்குவோம்! வாங்கியதைப் பயன்படுத்துவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு